ஆண்டுக்குக் கீழே ஓர் எழுத்து

பல்லுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பல் பிடுங்குகிறவர் அல்ல. பிடுங்கின இடத்தில் வைக்கிற பொய்ப்பல்லைச் செய்கிறவர். மூன்றாவது மாடியில் ஒரு லேப், ஜன்னலோரம் மேசை, மேசையில் மைக்ரோஸ்கோப், சின்ன டிரில், உலோகத்தைப் பற்றவைக்கும் சுடர். இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி.

பழைய நாணயம் சேர்ப்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த பைத்தியம். அதிலும் ஒரே ஒரு வரிசை: வருஷத்துக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு வெள்ளிக்காசுகள். நாற்பத்தொன்று கைக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்த காசில் ஆண்டு எண்ணுக்குக் கீழே, அடித்த நாணயச்சாலையைக் குறிக்க, பொடியாக ஓர் எழுத்து இருக்க வேண்டும். எழுத்தில்லாத காசு எந்தக் கடையிலும் கிடைக்கும். எழுத்துள்ளது கண்ணிலேயே படாது.

அவர் மனைவி நர்ஸ். கல்யாணமான புதிதில் இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்: ஒரு காசுக்கு ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு தடவை அது இரண்டு வாரமானது. இன்னொரு தடவை மூன்று.

"எல்லைக்கல்லுக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்று அவள் அப்போது சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் நாணய வியாபாரி போன் செய்தார். செருப்புக்கடைக்கு மேலே, ஆள் ஒருக்களித்து ஏற வேண்டிய படிக்கட்டு. வியாபாரி மேசைக்கடியில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கடையின் இரும்புக் கதவு திறக்கும். உள்ளே வரவும் சரி, வெளியே போகவும் சரி.

காசு அங்கே இருந்தது. விலை நாலு மாதச் சம்பளம். பேசிப் பேசி மூன்றுக்கு வந்து நின்றது.

"இதுக்கு மேல குறைக்க முடியாது சார். நாலு மணிக்கு கார்டு வர்றேன்னிருக்கார். அவர் பேரமே பேச மாட்டார்."

கார்டு என்பவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருஷ சிநேகிதம். அதே வரிசையைத்தான் அவரும் சேர்த்தார். அவருக்கும் அந்த ஒரு காசுதான் பாக்கி.

பல்லுக்காரர் எழுந்து கதவருகே போனார். கதவு திறக்கவில்லை.

"தாராளமா போங்க சார்," என்றார் வியாபாரி. விரல் பொத்தான் மேல் சும்மா கிடந்தது. "ஆனா இன்னைக்கு விட்டா இந்த ஜென்மத்துல கிடைக்காது."

பல்லுக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் லென்ஸ் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். தோன்றாமல் இல்லை; எடுக்கப் பயமாக இருந்தது. வங்கியில் இருந்தது சமையலறைப் பணம். புகையேறிய சுவரையும் திறக்காத ஜன்னலையும் மாற்ற, மனைவி நாலு வருஷம் கூடுதல் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்தது. எப்படியாவது புரட்டித் திரும்பப் போட்டுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை லேப்பில் காசை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். உலோகத்தோடு உலோகத்தை ஒட்டவைப்பதே அவர் பிழைப்பு. ஒரு நொடி போதுமாயிருந்தது. எழுத்தைச் சுற்றி முடி கனத்துக்குப் பற்றவைத்த தடம். சாதாரணக் காசில் யாரோ எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

சாயங்காலம் கடைக்கு ஓடினார். வியாபாரி அசரவில்லை.

"பார்த்துத்தானே வாங்கினீங்க? பில்லுலயும் அப்படித்தான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கார்டுகிட்ட தள்ளிவிடுங்க சார். நீங்க குடுத்தா அவர் லென்ஸே எடுக்க மாட்டார்."

மறுநாள் காலையில் கார்டே போன் செய்தார். "தம்பி, கிடைச்சிடுச்சாமே! எனக்குக் குடுத்துடுங்க. போட்ட பணத்துக்கு மேலயே தர்றேன்."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனார். சொன்னார். லென்ஸையும் கையில் கொடுத்தார். கார்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, தம்பி."

"எழுத்தைச் சுத்திப் பாருங்கண்ணே."

"பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. குடுக்க மனசில்லைன்னா சொல்லிடுங்க, அதுக்கு ஏன் கதை விடுறீங்க? ஒண்ணரை மடங்கு தர்றேன்."

சனிக்கிழமை தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பல்லுக்காரருக்குப் பட்டது. காசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கார்டு விடவில்லை. புதன்கிழமை போன். வியாழக்கிழமை இரண்டு தடவை. "ரெண்டு மடங்கு, தம்பி. ஓய்வுப் பணம் சும்மாதான் கிடக்கு."

வீட்டில் மனைவி இரண்டு டைல்ஸ் துண்டுகளைச் சுவரில் வைத்துக் காட்டினாள். "பச்சையா, வெள்ளையா?"

"ரெண்டுமே நல்லாயிருக்கு," என்றார்.

ஒரு 'சரி' சொன்னால் போதும். பணம் திரும்பிவிடும், மேலேயும் நிற்கும், யாருக்கும் தெரியாது. போலி என்று சொல்லியாகிவிட்டதே, சொல்லியும் கேட்டால் அவர் பாடு என்று ஒரு மனசு வாதாடியது. ஆனால் தான் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் கார்டு விலையை ஏற்றுகிறார் என்பதும் அவருக்குத் தெரியும். இன்னும் ஒரு தடவை கேட்டால் கொடுத்துவிடுவோம் என்பதும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அவர் அதை அடிக்கவிட்டு, காசை மேசை இடுக்கியில் இறுக்கி, டிரில்லை ஓடவிட்டார். மூன்று நொடி. ஆண்டுக்குக் கீழே பளபளவென்று ஒரு கீறல்தான் மிஞ்சியது. போன் ஓய்ந்து மறுபடி அடித்தபோது எடுத்தார்.

"அதுல இப்போ எழுத்தே இல்லண்ணே. ராவி எடுத்துட்டேன்."

"பாவி," என்றார் கார்டு. அதற்கப்புறம் அவர் பல்லுக்காரரோடு பேசவே இல்லை.

அன்று சாயங்காலம், திறக்காத ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கல."

"ரெண்டு மடங்கு தர்றேன்னாரா?"

தலையாட்டினார்.

"நானா இருந்தா வித்திருப்பேன்," என்றாள்.

மறுவாரம் நாற்பத்தொரு காசுகளையும் முன்பின் தெரியாத ஒருவருக்கு மொத்தமாக விற்றார். போன பணத்தில் பாதிகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவி குளிர்பதனப்பெட்டியின் கதவில் புது ஷிஃப்ட் அட்டவணையை ஒட்டினாள். அதில் வாரத்துக்கு ஆறு நாளும் கூடுதல் ஷிஃப்ட் குறித்திருந்தாள்.

"நானும் ஞாயித்துக்கிழமைல லேப்புக்குப் போறேன்," என்றார்.

"போங்க," என்றாள்.