அத்தையின் இடது காது

...எடுத்துவிட்டால் முடிந்தது என்று தம்பி போனில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், ஏதோ காலில் தைத்த முள்ளைப் பற்றிப் பேசுகிற மாதிரி, வேரோட எடுத்துடச் சொல்லுக்கா, தலைக்குள்ள கட்டியை வச்சுக்கிட்டு யாருக்குத் தூக்கம் வரும் என்று... தூங்கப் போவது அத்தை, அவனில்லை. அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள், எங்கள் இருவரையும் விட்டால் சொந்தமென்று யாருமில்லை, அதனால் முடிவு எங்கள் தலையில். புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க, காது நரம்பை ஒட்டி வளர்ற சாதாரணக் கட்டிதான் என்றார் டாக்டர். சாதாரணமாம். அறுவை செய்தால் கட்டி போகும், அந்தப் பக்கத்துக் காதும் அதோடு போகும், பக்கத்திலேயே ஓடுகிற முக நரம்பில் பட்டுவிட்டால் வாய் கோணிக்கொள்ளலாம். கதிர்வீச்சு என்றால் கத்தி இல்லை, ஆனால் கட்டி உள்ளேயே இருக்கும், வளராமல் கிடக்கிறதா என்று வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த அளவுக்கு ரெண்டுமே செய்யலாம்மா, நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க என்றார். ரெண்டுமே செய்யலாம் என்பது எவ்வளவு கொடுமை, ஒன்றுதான் வழி என்றால் அழுதுவிட்டாவது சும்மா இருக்கலாம்... என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரே ஒரு வழி சொன்னார், இடது காதில் பேச்சே புரியவில்லை என்றால் இழக்க ஒன்றுமில்லை, அறுவை செய்துவிடலாம், இன்னும் புரிகிறதென்றால் கதிர்வீச்சு, அந்தக் காதைக் கொஞ்ச காலமாவது காப்பாற்றிப் பார்க்கலாம்.

அதற்குத்தான் இந்தச் சோதனை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அத்தை, தலையில் ஹெட்போன், கை இரண்டும் மடியில், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி. வெளியே மைக்கின் முன்னால் சோதனை செய்கிற பெண், அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் நான். வலது காதில் வெறும் இரைச்சல், இடது காதில் வார்த்தை, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பலகை என்றாள் அந்தப் பெண். பலகை என்றாள் அத்தை. குடம், குடம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, காது இருக்கிறது, அப்படியானால் கத்தி வேண்டாம்... ஆனால் வீட்டில் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பாதவள், அந்தக் காதில் போனை வைத்தால் கொரகொரன்னுதான் இருக்கு என்றவள், இங்கே மட்டும் எப்படி? அப்புறம்தான் கவனித்தேன், அவள் கண் அந்தப் பெண்ணின் வாயை விட்டு நகரவே இல்லை. அந்தப் பெண் குனிந்தபடி ஒரு வார்த்தை சொன்னபோது அத்தை விழித்தாள், பொய்யாக இருமினாள், இன்னொரு தடவ சொல்லும்மா என்றாள், நிமிர்ந்து சொன்னதும் பளிச்சென்று பதில். நூற்பாலையில் காலம் கழித்தவள் ஆயிற்றே, அந்த இயந்திரச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது, உதட்டைப் பார்த்தே வம்பு பேசுவோம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில், பலகையிலுள்ள எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறவர்களை நிறையப் பார்த்தவள், சிரித்துக்கொண்டே பலகையை மாற்றிவிடுவேன்... இங்கே சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடலாமா, வாயை மறைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். பரவாயில்லையே, பேச்சு நல்லா புரியுதே என்று அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

டாக்டர் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்ததும் கேட்டேன், வலது பக்கமாக.

"ஏன் அத்தை ஏமாத்துனீங்க?"

"பாத்துட்டியா." அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "நான் வேணாம்னா உன் தம்பி கேப்பானா? டாக்டர் சொன்னா வாயை மூடிக்குவான்."

"கத்தின்னா அவ்ளோ பயமா?"

"பயமா, எனக்கா? கர்ப்பப்பைய எடுத்த மறுநாளே எந்திரிச்சு நடந்தவ நான். இந்த வாய் கோணிக்கிச்சுன்னா சுருட்டை என்ன பண்ணுவா, அதச் சொல்லு."

சுருட்டை... ஆலையில் அத்தையோடு வேலை பார்த்தவள், அந்த இரைச்சல் அவளுடைய இரண்டு காதையும் தின்றுவிட்டது, இப்போது இருவரும் ஒரே வீட்டில். நாங்கள் பேசினால் அவளுக்குப் புரியாது, வேகமாகப் பேசுகிறோமாம், பல்லுக்குள்ளேயே பேசுகிறோமாம், அத்தையின் வாய் ஒன்றுதான் அவளுக்குப் புரிகிற வாய். பாப்பா, காலைல கண்ணு முழிச்சதும் அவ என் வாயத்தான் பாக்குறா என்றாள் அத்தை, காது ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு, வாய் ஒண்ணுதானே இருக்கு... இத்தனை வாரமாக நானும் தம்பியும் எதையெல்லாம் பேசினோம், காது, நரம்பு, என் விடுப்பு, பத்தியச் சமையல், யார் கூட இருப்பது, இதில் சுருட்டையின் பெயர் ஒரு தடவையாவது வந்ததா? ஆனால் கட்டி வளர்ந்தால்? வளர்ந்து அந்த முக நரம்பையே அழுத்தினால், அப்போது கத்தியும் வரும், வாயும் போகும்... இதை அவளிடம் சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் முடிவைப் பார்த்தார். பேச்சு நல்லாவே புரியுது, அப்ப கதிர்வீச்சுதான் சரி, நீங்க என்ன சொல்றீங்க என்று என்னைக் கேட்டார். அத்தை என்னைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிர்வீச்சே இருக்கட்டும் டாக்டர் என்றது என் குரல்தான். அடுத்த வாரம் தேதி கொடுத்தார்கள். தம்பிக்கு அங்கேயே செய்தி அனுப்பினேன், டாக்டரே சொல்லிட்டார்னா சரி என்று பதில் வந்தது, அத்தை சொன்னபடியே.

வெளியே வெயில், அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள், நடக்கும்போது இடப்பக்கம் சாய்கிறாள், போன மாதத்தைவிடக் கூடவோ... உள்ளதை உள்ளபடி சொல்லி, காது போய்விட்டது, இருந்தாலும் இவளுக்குக் கத்தி வேண்டாம், காரணம் இது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே, அவரென்ன மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? தம்பியிடமும் சொல்லியிருக்கலாம், சண்டை வந்திருக்கும், வரட்டுமே. இது ஏன் உள்ளே இருந்தபோது தோன்றவில்லை? நான் வாயைத் திறக்காதது சுருட்டைக்காகவா, அத்தைக்காகவா, இல்லை, காதின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளவா...

"என்ன முணுமுணுக்கிறே?" என்றாள் அத்தை, என் உதட்டையே பார்த்தபடி.

ஒண்ணுமில்ல அத்தை என்றேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.