வண்டி எடைக்கு உப்பு

களத்தில் கொப்பரை மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசை யஷ்வந்த் வாசலுக்கு இழுத்துவந்து போட்டபோது நாச்சியம்மாள் குழாயடியில் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி எட்டு இருக்கும். தராசு ஒரு பக்கமாக ஆடியது. அவன் அட்டை ஒன்றை மடித்துத் தராசின் காலுக்கடியில் சொருகினான். பிறகு இடது தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தான்.

"அம்மா, இன்னைக்கு வண்டிய எடை போட்டறலாமுங்க."

"இன்னைக்கு வேண்டாங் கண்ணு. அடுத்த வெள்ளிக்கெழம பாத்துக்கலாம்."

"நாளைக்கு நான் வேலைல சேரோணுமுங்கம்மா."

அவள் கேனைக் கவிழ்த்து வைத்தாள்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் பிள்ளைக்கு நோய்நொடி என்றால் எடைக்கு எடை உப்புக் கொட்டுவதாக மாரியாத்தாளிடம் வேண்டிக்கொள்வது உண்டுதான். பிள்ளையின் எடைக்குத்தான் வேண்டிக்கொள்வார்கள். வண்டியின் எடைக்கு வேண்டிக்கொண்டவள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நாச்சியம்மாள் ஒருத்திதான். ஆறு மாதத்துக்கு முன்னால், வெள்ளகோவிலில் ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வளைவில் கிடந்த மணலில் புல்லட் சறுக்கி யஷ்வந்த் விழுந்தான். தொடை எலும்பு இரண்டு துண்டு, தலையில் அடி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வராந்தாவில் நின்றபடி அவள் ஆத்தாளைக் கூப்பிட்டாள். "என்ற பையன் எடைக்கு" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அசையாமல் படுத்துக் கிடப்பவனை எவ்வளவு கனம் என்று நினைக்கவே முடியவில்லை. தூக்கிப் போகிறவர்கள்தான் கனம் பார்ப்பார்கள் என்று எங்கேயோ போனது புத்தி. அதனால் "அந்தப் பாழாப்போன வண்டியோட எடைக்கு எடை உப்பு, ஆத்தா" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

"நல்லவேளை, லாரி ஓட்டுற பையனில்ல," என்று அவள் புருஷன் அங்கப்பன் பின்னால் ஒருநாள் சொன்னார். அவர் கொப்பரை வியாபாரி. எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார். இதை மட்டும் நிறுக்காமல் பேசிவிட்டு இரண்டு நாள் ரசம் இல்லாமல் சாப்பிட்டார்.

பையன் பிழைத்து வந்தான். மெக்கானிக் வீட்டுக்கே வந்து வண்டியையும் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான். ஆனால் வேண்டுதல் தீராத வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது என்று நாச்சியம்மாள் சொல்லிவிட்டாள். ஆத்தாள் பேரைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லை. அமாவாசை போகட்டும் என்றாள், தை பிறக்கட்டும் என்றாள், தீட்டு என்றாள். கம்பெனிக்காரன் புத்தகத்திலேயே எடை போட்டிருக்கிறது என்று யஷ்வந்த் போனில் காட்டியபோது, "ஆத்தாளுக்குப் புஸ்தகத்துல இருக்கற வண்டியவா நேந்துக்கிட்டேன்?" என்றாள். இருநூறு கிலோவாகக் கொட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார் அங்கப்பன். சொன்னதைக் கொடுப்பதுதான் வேண்டுதல், கூடக் கொடுத்தால் அது பவிசு என்று அதையும் தள்ளினாள். பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் அவளுக்கு இருந்தது முக்கால்வாசி பயம். மகன் மறுபடி அதில் ஏறுவான், மறுபடி ஒரு போன் வரும். உப்பு கொட்டாத வரைக்கும் போன் வராது.

இப்போது கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணி ஷிப்ட். ரூம் எடுத்திருக்கும் இடத்திலிருந்து காந்திபுரம் போய் இன்னொரு டவுன் பஸ் மாறினால் ஆறரைக்குத்தான் போய்ச் சேரலாம். வண்டி இல்லாமல் ஆகாது. டாக்டரும் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டர் மேல் நாச்சியம்மாளுக்கு இருந்த மரியாதை அன்றோடு பாதி குறைந்தது.

"அன்னைக்கு டேங்க் நெறையா பெட்ரோல் இருந்துச்சு," என்றாள் இப்போது. "வெறும் வண்டிய எடை போட்டா எப்படி?"

யஷ்வந்த் தாழ்வாரத்திலிருந்து பெட்ரோல் கேனை எடுத்துவந்து டேங்கில் ஊற்றினான். நேற்றே வாங்கி வைத்திருக்கிறான். எத்தனை நாளாக யோசித்து வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மகன் இவ்வளவு கெட்டிக்காரனாக இருப்பது பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

தராசுப் பலகை ஒரு மூட்டைக்குத்தான் அளவு. இரண்டு சக்கரமும் ஒன்றாக நிற்காது. முன் சக்கரத்தை ஒருமுறை, பின் சக்கரத்தை ஒருமுறை ஏற்றிக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் அங்கப்பன். அப்பனும் மகனுமாக ஒரு பலகையைச் சாய்த்து முன் சக்கரத்தைத் தராசில் ஏற்றினார்கள். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எண்பத்தாறு என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

நாச்சியம்மாள் தள்ளி நின்று பார்த்தாள். அது தப்பு என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டு பேரு அண்டாவத் தூக்கிக்கிட்டுப் படி ஏறுனா கீழ நிக்கறவளுக்குத்தான் கனம் போவும். முன்னால தூக்கிக்கிட்டு நின்னா கனமெல்லாம் பின்னாலதான எறங்கும்? மட்டமா நிக்கோணுமுங்க."

அங்கப்பன் மகனைப் பார்த்தார். மகன் அப்பனைப் பார்த்தான். "அம்மிணி சொல்றது வாஸ்தவம்," என்றார். யஷ்வந்த் சுவரோரம் கிடந்த ஹாலோ பிளாக்குகளில் இரண்டை உருட்டி வந்தான். தராசின் உயரமும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று. தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். சும்மா இருந்திருந்தால், சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது எடை தப்பு என்று சொல்லி இன்னொரு வாரம் ஓட்டியிருக்கலாம். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற புத்தி முந்திக்கொண்டது.

பின் சக்கரம் பிளாக்கில் ஏறியதும் முன்பக்கம் எண்பத்தொன்பது காட்டியது. அங்கப்பன் அதைச் சுவரில் கரித்துண்டால் எழுதினார். அடுத்து வண்டியைத் திருப்ப வேண்டும். முன் சக்கரம் பிளாக்கில், பின் சக்கரம் தராசில். யஷ்வந்த் இடது பக்கம் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தான். அங்கப்பன் பின்னாலிருந்து தள்ளினார். சக்கரம் பலகையின் நுனியைத் தாண்டித் தராசில் இறங்கும்போது வண்டி மகன் பக்கமாகச் சாய்ந்தது. அவனுடைய இடது கால் நடுங்கியது. முழங்காலுக்கு மேல் பேண்ட் துணியே அதிர்ந்தது.

நாச்சியம்மாள் எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இத்தனை மாதம் பகையாளியாகப் பார்த்த வண்டியை அன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறாள். கனம் தோள்பட்டை வரைக்கும் ஏறியது. இதுதான் அவன் மேல் கிடந்திருக்கிறது என்று நினைத்தாள். வண்டி நிமிர்ந்து நின்றது.

"ஒண்ணுமில்லீங்கம்மா, புடிச்சிட்டேன்," என்றான் யஷ்வந்த். நெற்றியில் வேர்த்திருந்தது.

அங்கப்பன் தராசுக்கு முன்னால் போய்க் குந்தினார். எண் நிற்கவில்லை. தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று என்று துள்ளிக்கொண்டிருந்தது. மெஷினில் கோளாறோ என்று ஒரு தட்டுத் தட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மிணி, நீ தூக்கிப் புடிச்சிட்டிருக்கற. கைய எடு."

"உழுந்துருமுங்க."

"நீ புடிச்சிருந்தா உம்பட பலம் போக மிச்சத்தத்தான காட்டும்? ஆத்தாளுக்குக் கொறச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும்."

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கம்பியை விடவில்லை. மகன் திரும்பி அவளைப் பார்த்தான். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, செருப்பைத் தரையில் அழுத்தித் தேய்த்து நின்றுகொண்டான்.

"விடுங்கம்மா. நான் நிக்கறனுங்க."

அவள் ஒரு கையை எடுத்தாள். எண் ஏறியது. மறு கையையும் எடுத்தாள். எடுத்த கையைத் தொங்கவிட மனசில்லாமல் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே வைத்திருந்தாள்.

"அசையாம இருங்க," என்றார் அங்கப்பன். பிறகு ஏதோ ஒரு எண்ணைச் சத்தமாகச் சொன்னார், மறுபடியும் சொன்னார். நாச்சியம்மாள் காதில் அது விழவில்லை. அவள் மகனுடைய இடது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டு, அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்திப் பிடித்திருந்தது.