உப்புத் தணிக்கை

நாங்கள் நால்வரும் ஒரே அலுவலகத்தில் தணிக்கையாளர்கள். ஒருவர் சரிபார்த்ததை இன்னொருவர் நம்பக்கூடாது என்பதுதான் எங்கள் தொழில். இது தெரிந்தும் மூவரையும் ஞாயிறு மதியம் சாப்பிட அழைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கோழி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வெங்காயம் நறுக்கியபடியே, "யாராவது கொஞ்சம் உப்பு பாருங்களேன்" என்றேன்.

நெட்டையன் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றான்.

"நீ சொன்னா ஆச்சா?" என்று மேலாளர் அக்கா ஒரு கிண்ணம் குடித்தாள். "லேசா கம்மி."

இரண்டு அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று கண்ணாடிக்காரி இரண்டு கிண்ணம் குடித்தாள். "மேல இப்படி இருக்கு, அடியில எப்படின்னு பாக்க வேணாமா?" என்றாள்.

பார்த்தார்கள். நான் திரும்பியபோது கரண்டி வெறும் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"உப்பு எப்படி?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னும் முடிவாகல" என்றாள் அக்கா.

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு எனக்குப் பசி தாங்காமல் நால்வரும் தெருமுனை ஓட்டலுக்கு ஓடினோம்.

"நாலு சூப்புங்களா மேடம்?" என்றார் சர்வர்.

"நாலு. எல்லாத்தையும் என் முன்னாடியே வைங்க" என்றேன். "உப்பு பாக்கணும்."