அவித்துக் குடிக்க ஒரு துண்டு

வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை ஓரங்கட்டச் சொன்னார்கள். பின்சீற்றிலிருந்து பேர்ணடெற் இறங்கினாள். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல். அதனுள் ஸ்பிரிட்டில் ஊறியபடி கைமுட்டி அளவில், மண்ணிறத்தில் ஏதோ ஒன்று.

"மே மொகத்த?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டபடி சிப்பாய் போத்தலைத் தட்டினான்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த அவளுக்குச் சிங்களம் தடங்கலில்லாமல் வரும்; தம்பி என்பதற்கு மல்லி என்றே அழைத்தாள். "கடல் பஞ்சு, மல்லி. ஆழ்கடலில தூண்டிலோட வந்தது. இரத்மலானை ஆராய்ச்சி லாபுக்குக் கொண்டு போறன்."

"சட்டி கழுவவா?" சிப்பாய் சிரித்தான்.

டிரைவர் செபஸ்தியன் தமிழில் முணுமுணுத்தான். "மிஸ், வகுப்பு எடுக்காதீங்க. மருந்தெண்டு சொல்லுங்க, விடுவான்."

"மருந்து செய்யிறதுக்கு," என்றாள். "புற்றுநோய்க்கு."

சிப்பாயின் சிரிப்பு நின்றது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாவுக்கு நெஞ்சில புற்று, அக்கே. டொக்டர்மார் கைவிட்டிட்டாங்க. ஒரு துண்டு தாங்க. அவிச்சுக் குடுக்கிறன்."

"இது இன்னும் மருந்தாகல்ல, மல்லி. அதுக்கு எத்தனையோ வருசம் ஆகும்."

"எங்கட சிங்கள அம்மாவுக்கெண்டா தரமாட்டீங்க, என்ன?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. மூடியைத் திறந்து கத்தியால் ஒரு துண்டை அறுத்து, சோறு சுற்றி வந்த தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஓட்டோவைச் சோதிக்கவில்லை. அடையாள அட்டையையும் கேட்கவில்லை.

"போங்க அக்கே. புண்ணியம் கிடைக்கும்."

செபஸ்தியன் எஞ்சினைக் கிளப்பினான். பேர்ணடெற் ஏறவில்லை.

கடல் பஞ்சும் ஓர் உயிர்தான்; பல்லில்லை, காலில்லை, ஓட இடமில்லை. நெருங்கும் எதிரியை நஞ்சால் கொன்றே அந்தப் பஞ்சு ஆழத்தில் பிழைத்துக் கிடக்கிறது. அந்த நஞ்சைப் பிரித்து, தூசியளவாகக் குறைத்தால் ஒருநாள் மருந்தாகலாம். அவித்துக் குடித்தால் அந்தத் தாய் விடியும்வரை தாங்கமாட்டாள்.

சாவடியில் நஞ்சு என்று வாய்திறக்கும் தமிழச்சிக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். போன மாதம் அவள் வீட்டு ஒழுங்கையில் ஒருவனை, வெறும் பற்றரிகள் வைத்திருந்ததற்காக, குண்டு செய்கிறான் என்று படையினர் கொண்டு போனார்கள். இன்னும் திரும்பவில்லை.

"மிஸ், ஏறுங்க," செபஸ்தியன் கெஞ்சினான்.

அவள் சிப்பாயிடம் திரும்பிப் போனாள்.

"அம்மாவுக்குக் குடுக்காத, மல்லி. அது நஞ்சு."

அவன் பொட்டலத்தை உருவி வீதியில் எறிந்தான். கையைக் காற்சட்டையில் அழுத்தித் துடைத்தான். பிறகு அவன் துவக்கின் குழல் மெல்ல அவளை நோக்கி உயர்ந்தது. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இன்னும் இருவர் எழுந்தார்கள்.

"மிச்ச நஞ்சு ஆருக்கு?" என்று கேட்டான். இந்தத் தடவை அக்கே என்று சொல்லவில்லை.