மூடியோடு எடுத்த படம்

பதினோரு மணிக்கு விருந்தினர்கள். பத்தே முக்காலுக்கு ஆய்வக வாசலில் ஆளுயரப் பதாகையைக் கட்டி முடித்தார்கள். அதில் முக்கால்வாசி இயக்குநரின் முகம்; மிச்ச இடத்தில் அண்டம். கீழ் மூலையில், ஊதா விளக்கின் அடியில், எட்டுக் கண்ணாடித் தட்டுகள்.

கிருமி வளர்க்கும் உதவியாளர் அந்த மூலையைப் பார்த்தாள். தட்டுகள் மேல் மூடி இருந்தது.

உப்புப் பாலையில் கிடைத்த சிவப்புக் கிருமி அது. புற ஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ. துண்டு துண்டானாலும் தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும் ஜாதி. கதிர் சீறுகிற ஒரு நட்சத்திரத்தின் பக்கத்துக் கோளில் விழும் அளவுக்கு விளக்கை எரித்தும் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆகவே அந்தக் கோளில் உயிர்கள் வாழ, இன்று இயக்குநர் அனுமதி வழங்கவிருந்தார்.

கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. மூடியைக் கழற்றிவிட்டு விளக்கைப் போடுவது அவள் வேலை. சோதனை நாளன்று, "மூடியோட எடுங்கப்பா, பளபளன்னு இருக்கும்" என்று படத்துக்கு நின்றவர் இயக்குநர். அவர் போனதும் கழற்ற மறந்தவள் இவள். இவளுடைய வேலை நீட்டிப்புத் தாள் கையெழுத்தாகாமல் அவர் மேசையில் கிடந்தது.

நிலைக்கண்ணாடி முன் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இயக்குநரிடம் இதைச் சொல்லி முடித்தாள். அவர் டையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"படத்தைப் பாக்குற எல்லாருக்கும், சார்."

"எல்லாரும் என் மூஞ்சியத்தானே பாப்பாங்க!" என்றவருக்கு அதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. "ஒரு பூந்தொட்டிய இழுத்து முன்னால வை. வாயத் திறந்தே, உன் தாள் குப்பையிலதான்."

வைத்தாள். மூலை மறைந்தது.

வந்தவர்களில் மூத்த பேராசிரியை மட்டும் முகத்தை விட்டுவிட்டு நேரே மூலைக்குப் போனார். கைத்தடியால் தொட்டியை ஒதுக்கி, குனிந்தார்.

"ஏம்மா, மூடி இருக்கே? கழட்டிட்டுத்தானே விளக்கப் போட்டீங்க?"

இயக்குநரின் சிரிப்பு அசையவில்லை. கண்கள் மட்டும் அவள் மேல் எரிந்தன. அவளுக்கு மூடி எதுவும் இல்லை.

"இல்லம்மா," என்றாள். "கழட்ட மறந்துட்டேன். தாங்கினது கிருமி இல்ல, மூடிதான்."

இப்போது பதாகையில் மட்டுமே இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார்.