நீர்க்காகம் காப்பாற்றிய குஞ்சு

மூன்றாம் வகுப்பு டீச்சர் கோதை இந்தக் கண்றாவியை ஜூன் மாதத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சத்துணவுக்குப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தால், திவ்யாவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரு முழ இடம் காலியாகக் கிடக்கும். அந்த வகுப்பில் காலனியிலிருந்து வருகிற ஒரே பிள்ளை அவள்தான். தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருக்க, எழுந்துபோய்க் கையைக் கழுவிவிடுவாள்.

திங்கட்கிழமை அவளுடைய அம்மா அம்சா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "பொண்ணு தெனிக்கும் பட்டினியா வூட்டுக்கு வருது மிஸ். இந்த வாரம் பாப்பேன். அப்பால டிசி வாங்கினு கருங்குழி இஸ்கூல்ல சேத்துடுவேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோதைக்கு அதுதான் சுருக்கென்றது.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்களை வரவழைத்து முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று தலைமையாசிரியர் ராமானுஜத்திடம் போனாள். "ஊரைப் பகைச்சிக்க முடியுமாம்மா? பசங்களுக்குக் கதை கிதை சொல்லுங்க. தானா புரிஞ்சிப்பாங்க," என்றார் அவர்.

தானாகவாம்! வேடந்தாங்கல் ஏரிப் பறவை மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு ஒரு வெடி வெடிக்காத சுற்றுவட்டாரம் இது. எங்கிருந்தோ வருகிற நாரைக்கு அவ்வளவு மரியாதை. காலனிக் குழந்தைக்கு மட்டும் ஒரு முழம் தள்ளி இடம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டாள் கோதை. கதைதானே, சொல்லித் தொலைப்போம் என்று மறுநாள் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போதே ஒன்றை யோசித்து வைத்தாள்.

ஏரி நடுவே ஒரு பெரிய மரம். மரம் முழுக்க வெள்ளைக் கொக்குகள். கறுத்த நீர்க்காகம் ஒன்று உட்கார இடம் கேட்டது. "கறுப்பிக்கு இங்கே இடமில்லை, போ" என்று கொக்குகள் விரட்டின. ஒருநாள் கொக்குக் குஞ்சு ஒன்று தண்ணீரில் விழுந்தது. நீர்க்காகம் முங்கிப் போய்க் குஞ்சைக் கரை சேர்த்தது. கொக்குகள் வெட்கப்பட்டு, நடுக்கிளையையே அதற்குக் கொடுத்தன.

வகுப்பே கைதட்டியது. முன்வரிசை சுப்பிரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம் மிஸ் அந்த நீர்க்காக்கா," என்றான். கோதைக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

சாப்பாட்டு மணி அடித்தது. வரிசை உட்கார்ந்தது. அதே ஒரு முழம்.

கோதைக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா சுப்பிரமணி, இப்பதானே கதை கேட்டு அழுதே? அவ பக்கத்துல உக்காந்தா என்ன?"

அவன் நிஜமாகவே புரியாமல் விழித்தான். "அது குஞ்ச காப்பாத்திச்சி மிஸ். இவ இன்னா செஞ்சா?"

"ஆமா மிஸ்," என்றன மற்றதுகள்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது கோதைக்கு. பையனைத் திட்டவும் வழியில்லை. அவள் சொன்ன கதையைத்தான் அவன் ஒழுங்காகக் கேட்டிருக்கிறான். கைதட்டல் வாங்குவதற்காகக் குஞ்சைத் தண்ணீரில் தள்ளிவிட்டது அவளேதான்.

காலியாகக் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். "நீ சாப்பிடும்மா. யாரையும் காப்பாத்த வேணாம். சும்மாவே உனக்கு இங்க இடம் இருக்கு."

திவ்யா சோற்றைப் பிசைந்தாள். வாயில் வைக்கவில்லை.

"கதைல அப்டி வரலியே மிஸ்," என்றாள்.