காத்திருந்து வாங்கிய மெத்தை

கடையில் அவளை எல்லோரும் ஸ்டிக்கர் அக்கா என்பார்கள். வீட்டில் அவள் சின்னு. மூன்று மாடி வீட்டுப்பொருள் கடையில் விலை அச்சடித்து ஒட்டுகிற வேலை அவளுடையது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், சூடேறினால் காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டர். பதினோரு வருஷமாக இதே வேலை. எந்தச் சாமான் என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சொந்தக்காரர்கள் ஒரு மிக்சி வாங்குவதென்றாலும் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

அவளுடைய அண்ணன் எலக்ட்ரீஷியன். ஏணி சறுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மெல்ல மெல்லக் கொஞ்சம் வரலாம், அதுவரை படுக்கைதான் என்றார் டாக்டர். சாதாரண மெத்தை ஆகாது, மோட்டார் வைத்த காற்று மெத்தை வேண்டும், இல்லாவிட்டால் புண் வைத்துவிடும் என்றும் சொன்னார். அண்ணி அன்றைக்கே சின்னுவுக்குப் போன் செய்தாள்.

"உங்க கடையில இருக்காமே, எவ்வளவு வரும்?"

"பன்னெண்டாயிரம் அண்ணி. ஆனா இப்ப வாங்காதீங்க. இன்னும் இருபது நாள்ல தள்ளுபடி. நல்லாவே குறைப்பாங்க."

"டாக்டர் உடனே வாங்கச் சொன்னாரே."

"இருபது நாள்தானே. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வெச்சா ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல."

அவள் சொன்னாள் என்பதால் அண்ணி சரி என்றாள்.

நாலாவது நாள் மேனேஜர் புது விலைப்பட்டியலைக் கொண்டுவந்து வைத்தார். காற்று மெத்தை, இருபதாயிரம். சின்னு இரண்டு தடவை படித்தாள். தள்ளுபடி அன்று இருபதை அடித்துவிட்டு, நாற்பது சதவீதம் கழித்துப் பன்னிரண்டு என்று போட வேண்டும். குக்கருக்கும் திரைச்சீலைக்கும் இப்படி அவள் எத்தனையோ தடவை ஒட்டியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே ஒட்டியிருக்கிறாள். மெத்தையில் மட்டும் போன வருஷம்வரை நிஜமாகவே குறைத்தார்கள்.

மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எதிர்க்கடைக்காரன் நாற்பது என்று போர்டு வைக்கும்போது நாம் பத்து என்று வைத்தால் ஈ காக்கைகூட உள்ளே வராது என்று பொறுமையாகத்தான் விளக்கினார். அவள் அறைக்குத் திரும்பி அச்சடித்தாள். மத்தியானம் மெத்தைப் பிரிவுக்குப் போய்ப் பழைய சீட்டை உரித்து, புதியதை ஒட்டி, கட்டைவிரலால் நீவி விட்டாள்.

அன்றைக்கே அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். காத்திருக்காமல் வேறு கடையிலாவது வாங்கியிருப்பாள். போனைக் கையில் எடுத்தாள், வைத்துவிட்டாள். அத்தனை நிச்சயமாகச் சொன்னவள் இப்போது எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது? கடைசி நேரத்தில் இன்னும் குறைத்தாலும் குறைப்பார்கள் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். நாளைக்குப் பேசலாம் என்று நாள் ஓடிற்று.

பத்தாம் நாள் அண்ணனைப் பார்க்கப் போனாள். அவன் ஆள் வாட்டசாட்டம். அவனைப் புரட்டிப் புரட்டி அண்ணியின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"உங்க அண்ணி என்னைக் கேசட் மாதிரி பக்கம் மாத்திப் போடுறா. பாட்டுதான் வரமாட்டேங்குது" என்றான் அண்ணன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லியிருந்தால்கூட முடிந்திருக்கும். சின்னு காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். பதினைந்தாம் நாள் அண்ணி போனில், முதுகுக்கடியில் லேசாகச் சிவந்திருக்கிறது, இன்னும் ஐந்து நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றாள். அப்போதும் சின்னு வாயைத் திறக்கவில்லை.

தள்ளுபடி தொடங்கிய அன்று கதவு திறக்குமுன்பே அண்ணி வரிசையில் நின்றிருந்தாள். நேரே மெத்தைப் பிரிவுக்கு வந்தாள். சீட்டைப் பார்த்தாள். கோடு போட்ட இருபது, அதன் கீழே சிவப்பில் பன்னிரண்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவள், சின்னு வருவதைக் கண்டதும் திரும்பினாள்.

"நீ அன்னைக்குச் சின்ன சைஸ் விலையைச் சொல்லிட்ட போல."

தப்பிக்கிற வழியை அண்ணியே திறந்து வைத்துவிட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். சின்னுவுக்குத் தலை ஆடவில்லை.

"இல்ல அண்ணி. இதே மெத்தைதான். அன்னைக்கும் பன்னெண்டுதான். இருபதுன்னு நான்தான் ஒட்டினேன்."

"எப்ப?"

"நீங்க போன் பண்ணின நாலாவது நாள்."

அண்ணி விலைச்சீட்டை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப பதினாறு நாளா உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நேத்து அந்த இடம் தோல் உரிஞ்சிடுச்சு, சின்னு."

அண்ணி மெத்தையை வாங்கினாள். பெட்டியின் மறுமுனையைத் தூக்கச் சின்னு கை நீட்டியபோது, வேண்டாம் என்று சொல்லி வண்டிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

பக்கத்தில் தலையணை பார்த்துக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி இருவரும் இதையெல்லாம் கேட்டுவிட்டு, எடுத்ததை வைத்துவிட்டுப் போனார்கள். விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. வேலையை விட்டு நீக்கவில்லை. கிடங்கில் பெட்டி பிரிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட்டாள். எப்படிச் செய்வதென்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் அதைப் பார்த்தபோது ஒரு ரூபாய் நாணயம் போகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அண்ணி தடுக்கவில்லை. வெந்நீர், பஞ்சு, கட்டுத்துணி, இந்த மூன்று வார்த்தைகளைத் தவிர வேறு பேச்சும் இல்லை. அண்ணன் குப்புறப் படுத்தபடி, கை நடுங்காம செய் என்று மட்டும் சொல்வான். புண் மூட இரண்டரை மாசம் ஆயிற்று.

அதன்பிறகு அண்ணி பேச ஆரம்பித்தாள். பழையபடி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், கிடங்கு வேலை எப்படி என்று கேட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சின்னு நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அண்ணன் ஜன்னலோரம் புதுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே வாங்கியது, என்ன விலை என்று அவளும் கேட்கவில்லை. நாற்காலியின் பின்பக்கம் போய் அதைப் பிடித்து, வெயில் படுகிற இடத்துக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாள்.